வியாசர்பாடி மாடியில் ஒரு மண்சட்டி

சென்னைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெரினா கடற்கரை, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில், தியாகராய நகரில் பட்டுப்புடவை என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நானும் மூன்று முறை அப்படித்தான் போய் வந்தேன். நான்காம் முறை, 2024-ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு போனபோது, புறா பார்க்கப் போனேன். புறாவைப் பார்க்கவா விமானம் ஏறிப் போனீர் என்று நீங்கள் சிரிக்கலாம். என் வீட்டிலும் அப்படித்தான் சிரித்தார்கள்.

சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே புறநகர் ரயில்கள் புறப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். பழைய மூர் மார்க்கெட் நின்ற இடம் அது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், புறா என்று அங்கே கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். 1985-ஆம் ஆண்டு மே மாதம் அந்தச் சந்தை தீக்கிரையானது. அங்கிருந்து ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது வியாசர்பாடி ஜீவா. இரண்டே நிறுத்தம். அந்த நிலையத்தில் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க மாப்பிள்ளை, நேரா மாடிக்குப் போயிடலாம். காபி மேலேயே வரும்" என்றார்.

சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு சந்து. வழியெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், பலகையும் கம்பி வலையும் அடித்த புறாக் கூண்டுகள் கண்ணில் பட்டன. வட சென்னையில் புறா வளர்ப்பு வெகுகாலப் பழக்கம். நெடுநேரம் ஒரே இடத்தில் வானத்தில் வட்டமிடும் புறாக்களை வளர்ப்பவர்கள் ஒரு வகை. தொலைதூரத்திலிருந்து வீடு திரும்பும் ஹோமர் புறாக்களை வளர்ப்பவர்கள் இன்னொரு வகை. நம் மச்சான் இரண்டாவது வகை. ரயில் பாதையை ஒட்டி வடக்கே கொண்டுபோய்ப் பறக்கவிடுவார்கள். முதலில் கும்மிடிப்பூண்டி போன்ற பக்கத்து ஊர்கள். பிறகு கூடூர், சுமார் 140 கிலோமீட்டர். அப்புறம் நெல்லூர், ஓங்கோல். விஜயவாடா என்றால் ரயில் கணக்கில் 430 கிலோமீட்டர். இன்னும் வடக்கே நாக்பூர் வரை கூட அனுப்புவார்களாம். அங்கே கூடை திறந்தால் இங்கே கூண்டு வாசலில் வந்து இறங்க வேண்டும். இதுதான் பந்தயம்.

மாடியில் நாற்பது புறாக்கள் இருந்தன. நான் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், "இதைப் பாருங்க முதல்ல" என்று ஒரு மண்சட்டியைக் காட்டினார்.

சட்டியில் என்ன இருந்தது தெரியுமா? சோளமும் இல்லை, கம்பும் இல்லை. கல். கருங்கல் பொடிசு, செங்கல் துண்டு, வெள்ளை வெளேரென்று நொறுக்கிய கிளிஞ்சல், கொஞ்சம் அடுப்புக்கரி, அங்கங்கே ஒரு கல்லுப்பு. புறாக்காரர்கள் இதைக் கிரிட் என்கிறார்கள். ஒரு பெட்டை வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்தது. செங்கல்லை ஒதுக்கியது, கரியை ஒதுக்கியது. கிளிஞ்சலாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றது. "முட்டை வைக்கப் போகுது. அதுக்கு எது வேணும்னு அதுக்கே தெரியும்" என்றார் மச்சான்.

இந்தக் கல் தின்கிற விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோழி அறுத்துச் சுத்தம் செய்த தாய்மார்களுக்கு இது புதிதல்ல. உள்ளே கெட்டியாக ஒரு சதை உருண்டை வருமே, மலாய்க்காரர்கள் ஹெம்பெடால் என்பார்களே, அதைக் கீறினால் மஞ்சள் தோலும் சிறு கற்களும் இருக்கும். அதுதான் பறவையின் அம்மி. பல் இல்லாத பிராணி தானியத்தை முழுசாக விழுங்குகிறது. அது தொண்டைப் பையில் ஊறி, அந்த அரைவைப் பைக்குள் போய், கற்களோடு சேர்ந்து அரைபடுகிறது. கல் இல்லாமலும் ஓரளவு அரையும். கல் இருந்தால் நன்றாக அரையும், தின்றதன் சத்து உடம்பில் ஒட்டும். கருங்கல் அங்கேயே தங்கிப் பல நாள் வேலை செய்யும். தேய்ந்து சிறுத்த பிறகு வெளியே போய்விடும்.

கிளிஞ்சலின் கதை வேறு. அது அரைப்பதற்கு அல்ல, கரைவதற்கு. வயிற்றுப் புளிப்பில் கரைந்து சுண்ணச் சத்தாக இரத்தத்தில் சேர்கிறது. முட்டை ஓடும் அதனால்தான் ஆகிறது, எலும்பும் அதனால்தான் ஆகிறது. தானியத்தை நம்பினால் நடக்காது. 100 கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணச் சத்து 10 முதல் 30 மில்லிகிராம் வரைதான் உண்டு. அதே எடைக் கிளிஞ்சலில் சுமார் 38 கிராம்! மில்லிகிராம் எங்கே, கிராம் எங்கே? சோளமும் அரிசிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான். பயறில் அதைவிடக் கூடுதல், ஆனாலும் கிளிஞ்சலுக்குக் கிட்டேகூட வராது.

கோவில் கோபுரத்துப் புறாவுக்கு யார் கிளிஞ்சல் வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது நாலு வயல், நாலு தெரு சுற்றிப் பொறுக்கிக்கொள்கிறது. பழைய சுவரையும் கொத்துகிறது. அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களுக்குக் கடற்கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்புதான் பூச்சு. அந்தச் சுண்ணாம்பு சுவரில் காய்ந்து, காற்றை வாங்கி வாங்கி, மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே மாறிவிடுகிறது. ஆக, சுவரைக் கொத்திய புறா கிளிஞ்சலைத்தான் தின்றது. இப்போது வீடெல்லாம் சிமெண்டு, கூண்டெல்லாம் கம்பி. அடைத்து வைத்த புறாவுக்குச் சட்டியில் நாம் வைத்தால்தான் உண்டு.

மச்சான் தயாரிக்கும் முறை எளிதுதான். கிளிஞ்சலைக் கழுவி, கொதிக்கவைத்து, வெயிலில் காய்த்து இடிப்பார். பச்சைப்பயறு அளவு இருக்க வேண்டும். மாவாகப் போனால் புறா தொடாது. கருங்கல் பொடிசைச் சல்லடையில் சலித்துத் தூசி போகக் கழுவுவார். சாயம் உரிந்த பலகை, பழைய ஈயத் துண்டு எதுவும் கூண்டுப் பக்கம் வர விடமாட்டார். கல்லென்று நினைத்து அதைப் பொறுக்கினால் ஈய நஞ்சு ஆளையே தீர்த்துவிடும். உப்பு சிட்டிகையளவுதான், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும். புறாவுக்கு உப்பென்றால் உயிர். அளவு மீறினால் அந்த உயிரே போய்விடும். பந்தயக் கூடையில் ஏற்றும் அன்று சட்டியை எடுத்து ஒளித்துவிடுகிறார். உப்பைத் தின்றுவிட்டுப் போனால் வழியில் தாகத்துக்கு இறங்கிவிடுமாம்.

கடைகளில் அயல்நாட்டுப் பொட்டலமும் கிடைக்கிறது. பெல்ஜியத்திலிருந்து வருவது, இளஞ்சிவப்பு நிறம், பூசைப் பொருள் மாதிரி வாசனை. அந்த நாட்டில் 2020 நவம்பரில் நியூ கிம் என்ற ஒரு பெட்டைப் புறா 16 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அப்படிப்பட்ட புறாவுக்கு அப்படிப்பட்ட பொட்டலம் சரி. வியாசர்பாடிப் புறாவுக்கு இந்தச் சட்டி போதும் என்பது என் கட்சி. மச்சானும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"சட்டி ஒரு மாசம் காலியா இருந்தா என்ன ஆகும்னு போன மாசம்தான் பார்த்தேன்" என்றார்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். வியாசர்பாடித் தெருக்களில் வெள்ளம். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் சாரலில் சட்டி நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. அள்ளிக் கொட்டினார். மறுபடி சேர்க்க ஆள் இல்லை, நேரம் இல்லை. வீட்டிலிருந்த சாமான்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. மூன்று வாரம் வெறும் தானியம். விஜயவாடாவிலிருந்து அன்றைக்கே வீடு திரும்பிய பெட்டை ஒன்று அவரிடம் உண்டு. இறகை விரித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. முட்டை இறங்கவில்லை. வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து இரவெல்லாம் காத்திருந்தார். விடியற்காலையில் முட்டை வந்தது. ஓடு இல்லை. வெறும் தோல்.

"கையில எடுத்தா தண்ணிப் பை மாதிரி இருந்துச்சு மாப்பிள்ளை. தன் எலும்புல இருந்து எடுத்துக் குடுத்திருக்கு. அதுவும் பத்தல."

அவர் சொன்னது உண்மைதான். சுண்ணம் குறைந்தால் தாய்ப்பறவை தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓட்டைக் கட்டும். அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை. அப்படியே பொரித்தாலும் குஞ்சுக்கு எலும்பு வலுக்காது. கால் வளையும், நெஞ்செலும்பு கோணும், அலகு ரப்பர் மாதிரி வளையும்.

அலகு ரப்பர் மாதிரி வளையும் என்றதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

வாசகர்களே, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1972-ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். எங்கள் லயத்து வீட்டுக்கு அடியில், கட்டைக் கால்களுக்கு நடுவே, சவர்க்காரப் பெட்டியில் நானும் அக்காவும் ஒரு சோடிப் புறா வளர்த்தோம். மூசாங் பூனைக்குப் பயந்து இரவும் பகலும் அடைத்தே வைத்திருந்தோம். தீனி அரிசிக் குருணை. இரண்டு குஞ்சு பொரித்தது. பதினைந்தாம் நாள் இரண்டுக்கும் கால் வளைந்துபோயிற்று. நான் அலகைத் தொட்டேன், வளைந்தது. ஒரு வாரத்தில் இரண்டும் போய்விட்டன.

அக்கா அப்போதுதான் பெரியவளாகி இருந்தாள். வீட்டுக்கு விலக்கான நாளில் அவள் குஞ்சைத் தொட்டதால்தான் இப்படி ஆனது என்று அம்மா சொன்னார். பாட்டியும் சொன்னார். பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு கோழிக் குஞ்சைக்கூட அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும், யார் வீட்டிலாவது பச்சைக் குழந்தையைக் கொடுத்தால் ஒரு கணம் தயங்கித்தான் வாங்குவாள்.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். "வெயில் பட்டுச்சா?" இல்லை. வீட்டுக்கு அடியில் ஏது வெயில்? வெயில் படாத உடம்பில், தின்ற சுண்ணமும் சரியாகச் சேராதாம். "கிளிஞ்சல் கிளிஞ்சல்னு ஏதாச்சும் வெச்சீங்களா?" இல்லை.

"அப்புறம் எப்படி மாப்பிள்ளை கால் நிக்கும்?" என்றார். வழுக்குப் பலகையில் வளர்ந்தாலும் குஞ்சின் கால் விரியும், ஆனால் அலகு வளைந்தது என்றால் சந்தேகமே இல்லை என்றும் சொன்னார்.

அன்றிரவு தங்கியிருந்த விடுதியிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறாள். சட்டி, கிளிஞ்சல், புயல், தோல் முட்டை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் சவர்க்காரப் பெட்டிக்கு வந்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"தம்பி," என்றாள். "சம்பள நாளில் அம்மா கெராங் வாங்கி அவிப்பாங்களே, ஞாபகம் இருக்கா? ஓட்டையெல்லாம் எங்கே கொட்டுவாங்க?"

"குசினிக்குப் பின்னாலே."

"பெட்டியிலிருந்து பத்தடிகூட இருக்காது."

மறுபடி கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "அந்த விஜயவாடாப் புறா பிழைச்சுதாடா?"

"பிழைச்சுது அக்கா. இன்னிக்கு நான் பார்க்கும்போது சட்டி மேலேதான் உட்கார்ந்திருந்தது."