குளிர்நீரில் ஒரு வளையம்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மாலைப் பொழுதுகள் நீளமானவை. அத்தகைய ஒரு மாலையில், பள்ளி விடுமுறைக்கு வீட்டிற்கு வந்திருந்த என் மகள், "உங்களுக்குப் பிடிக்கும் அப்பா, பாருங்கள்" என்று கூறி ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் போட்டுக் காட்டினாள். அவளும் ஆசிரியைதான், அறிவியல் கற்பிப்பவள். பிபிசி நிறுவனம் 2013ஆம் ஆண்டு ஒளிபரப்பிய 'தி சேலஞ்சர்' என்னும் அந்நாடகம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த விபத்து எனக்குப் புதிதன்று. 1986 ஜனவரி 28ஆம் நாள், புளோரிடாவிலிருந்து புறப்பட்ட 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் 73ஆம் வினாடியில் வானிலேயே சிதறிற்று. நம் நாட்டில் அப்போது நள்ளிரவு கடந்துவிட்டிருந்தது; மறுநாள் காலை வானொலிச் செய்தியில் அதைக் கேட்டேன். மாண்டவர் எழுவர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கென்று 11,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் போவதைக் காண்பதற்காகவே அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அப்போது நான் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நம்மவர் ஒருவர் போய்விட்டார் என்றே ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்.

நாடகம் விபத்துக்குப் பிந்திய விசாரணையைச் சொல்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரணைக் குழுவில் ஓர் உறுப்பினராக அமர்த்தப்படுகிறார். அவராக வில்லியம் ஹர்ட் நடித்திருக்கிறார். உடலில் புற்றுநோய், எதிரே நழுவி நழுவிப் பேசும் அதிகாரிகள். அவர்களுக்கிடையே அம்மனிதர் உண்மையைத் துருவிச் செல்வதை ஹர்ட் ஆரவாரமின்றிக் காட்டுகிறார்.

ஓடத்தை உந்திச் செல்லும் இரு ஏவூர்திகளும் பல துண்டுகளாகச் செய்து இணைக்கப்பட்டவை. அவ்விணைப்புகளில் இரண்டிரண்டு செயற்கை ரப்பர் வளையங்கள் உண்டு. கால் அங்குலத்திற்குச் சற்றே மிகுந்த தடிப்புடைய அவ்வளையங்கள்தாம் உள்ளே எரியும் வாயு வெளியே கசியாமல் காக்க வேண்டும். 1986 பிப்ரவரி 11ஆம் நாள், தொலைக்காட்சிப் படக்கருவிகள் சூழ்ந்திருக்க, ஃபைன்மன் அவ்வளையத்தின் ஒரு துண்டை இடுக்கியில் இறுக்கிப் பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் சற்று நேரம் வைத்தார். பின் எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் பழைய வடிவிற்கு உடனே மீளவில்லை. விபத்து நிகழ்ந்த அன்றோ ஏவுதளத்தில் இரவெல்லாம் பனி உறைந்து கிடந்தது. புறப்படும் வேளையிலும் வெப்பநிலை 2 பாகை செல்சியசுதான். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்வாளிகளுக்கிடையே வளர்ந்த எனக்கு, ரப்பருக்குக் குளிர் ஆகாது என்பதைக் கற்றுக்கொள்ள ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது?

இக்காட்சியே நாடகத்தின் உச்சம். எனக்கு இதில் ஒரு குறையும் தோன்றிற்று. ஃபைன்மன் ஒருவரே உண்மையைக் கண்டுபிடித்தார் என்னும் எண்ணம் பார்ப்பவர் மனத்தில் பதிந்துவிடும். குளிருக்கும் வளையத்திற்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆவணம், குழுவின் மற்றோர் உறுப்பினராகிய விண்வெளி வீராங்கனை சாலி ரைடின் கையிலிருந்து படைத்தலைவர் குட்டினாவிடம் சென்றது. அவர் அதைக் குறிப்பாக ஃபைன்மனுக்கு உணர்த்தினார். சாலி ரைடு 2012இல் மறைந்த பின்னரே அது வெளியே தெரிந்தது. அவர்களுக்கெல்லாம் முன்னரே அறிந்திருந்தவர்களும் உண்டு.

விபத்துக்கு முந்திய இரவு நிகழ்ந்த தொலைபேசிக் கூட்டத்தைச் சொல்கிறேன். ஏவூர்தியைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போஜோலே முதலானோர், 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்தார் தமக்குள் கலந்துகொள்ள ஐந்து நிமிடம் கேட்டு, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டனர். பொறியாளனின் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நிருவாகியின் தொப்பியை அணிந்துகொள்ளும்படி, தலைமைப் பொறியாளருக்கு அங்கே சொல்லப்பட்டது. அவர் அணிந்துகொண்டார். நிறுவனம் இசைவு தந்தது. ஏவுதளத்திலிருந்த ஆலன் மெக்டோனால்ட் என்னும் பொறியாளர் மட்டும் கையெழுத்திட மறுத்தார். அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டுத் தொலைநகலில் அனுப்பிவைத்தார்.

போஜோலே பின்னர் விசாரணையில் ஒன்று கூறினார். 'பாதுகாப்பானது' என்று மெய்ப்பிக்கும்படியே அதுவரை எப்போதும் கேட்கப்பட்டதாம். அன்று மட்டும், 'பாதுகாப்பற்றது' என்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கும்படி கேட்கப்பட்டதாம்.

இவ்விடத்தில்தான் என் உறக்கம் போயிற்று.

1996ஆம் ஆண்டு நான் பணியாற்றிய பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவர்களை ஆற்றோர முகாமொன்றிற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. அவ்வாண்டு மழை முன்னரே தொடங்கிவிட்டது. மலையில் மழை பெய்தால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு திடுமெனப் பெருகிவரும் என்பதை நாமெல்லாரும் அறிவோம். முகாமை ஒத்திவைக்கலாமென்று கூட்டத்தில் சொன்னேன். தலைமையாசிரியர் கடிந்து பேசவில்லை, கனிவாகவே கேட்டார்: "மூன்று ஆண்டுகள் போய் வந்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே. கட்டாயம் வெள்ளம் வருமென்று உங்களால் சொல்ல முடியுமா, சார்?" முடியாது. எவரால் முடியும்? பேருந்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது; பெற்றோர்க்குக் கடிதமும் போய்விட்டது. பொறுப்பாசிரியர் என்னும் இடத்தில் கையெழுத்திட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு போனோம். நாற்பத்திரண்டு பேரும் பாடிக்கொண்டே திரும்பி வந்தார்கள். தலைமையாசிரியர் புன்னகைத்தார். அடுத்த ஆண்டு நான் வாய் திறக்கவில்லை. பின்னொரு நாள் அம்முகாம் நின்றுபோனது. பேருந்துக் கட்டணம் கூடிவிட்டதுதான் காரணம்.

போய்த் திரும்பி வந்தது சான்றாகிவிட்டது. நாசாவிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. சேலஞ்சரின் அப்பயணம் விண்வெளி ஓடங்களின் 25ஆம் பயணம். வளையம் அரிக்கப்பட்டிருந்ததை 1981இல், இரண்டாம் பயணத்திலேயே கண்டிருந்தார்கள். அதன் பின்னரும் பலமுறை கண்டார்கள். ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், அரிப்பு கவலைக்குரியது என்னும் நிலை மாறி, பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று ஆயிற்று. விபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஃபைன்மன் வினவியபோது, பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் கூற, மேலாளர்கள் இலட்சத்தில் ஒன்று என்றார்கள். நாள்தோறும் ஏவினாலும் முந்நூறு ஆண்டுகளுக்கு ஒரு விபத்தே நேரும் என்பது அதன் பொருளென்று ஃபைன்மன் எடுத்துக்காட்டினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2003 பிப்ரவரி 1ஆம் நாள், 'கொலம்பியா' ஓடம் எழுவரோடு அழிந்தது. எரிபொருள் கலத்திலிருந்து நுரைப்பஞ்சு பெயர்ந்து இறக்கையைத் தாக்கியதே காரணம். நுரைப்பஞ்சு முன்னரும் பலமுறை பெயர்ந்திருந்தது. அப்போதெல்லாம் ஓடம் திரும்பி வந்திருந்தது.

மெக்டோனால்டைப் பற்றி ஒரு செய்தி. விசாரணையில் உண்மையை உரைத்த அவரை நிறுவனம் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு, வளைய இணைப்பைத் திருத்தியமைக்கும் பணியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. போஜோலேக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. உடன் பணியாற்றியவர்களே முகந்திருப்பிக்கொள்ள, அவர் நிறுவனத்தை விட்டு நீங்கினார். நாடகத்தை எழுதுவோர் எவரேனும் அவரை நடுவில் நிறுத்தி எழுதினால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

முகாம் கதையை மறுநாள் காலைத் தேநீரின்போது மகளிடம் கூறினேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டீங்களா அப்பா?"

"போட்டேன்."

நெடுநேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்றைக்கு மழை பெய்ததா?" என்று கேட்டாள்.

பெய்தது. நள்ளிரவுக்கு மேல் மலைப்பக்கம் இடியோசை கேட்டது. பிள்ளைகள் கூடாரங்களில் உறங்க, நான் கைவிளக்கோடு ஆற்றங்கரைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். மாலையில் பிள்ளைகள் கால் நனைத்த படி மூழ்கியிருந்தது. அதற்கு மேற்படியும் மூழ்கிற்று. மூன்றாம் படியின் விளிம்பில் தண்ணீர் நின்றுவிட்டது. விடியும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து எழுதிய அறிக்கையில், முகாம் இனிதே நடந்தேறியது என்று எழுதினேன். படிகளைப் பற்றி எழுதவில்லை.