மீனம்பாக்கத்துக் கொட்டகையில் ஒரு காலை

மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி'ஏஞ்செலிஸ் என்ற கார்ஸிகர், சிம்ப்ஸன் கம்பெனியாரின் கோச்சு வண்டிப் பட்டறையிலே தம் சொந்த யோசனைப்படி ஒரு விமானத்தைக் கட்டுவித்து, பல்லாவரத்தில் அதைப் பரீட்சித்து, 1910-இல் சென்னைவாசிகளுக்குப் பறந்து காட்டினார். வண்டி செய்த தொழிலாளரின் கைகளிலிருந்தே இந்நகரத்தின் ஆகாய விமான வித்தை ஆரம்பமாயிற்று என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு. அப்பெருமையோடுதான், பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில், தாம்பரத்தில் மின்சார ரயிலேறி மீனம்பாக்கத்தில் இறங்கி, பயிற்சி விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கொட்டகைக்குச் சென்றேன்.

உள்ளே இருவர் மட்டும் அமரக்கூடிய செஸ்னா 152 ஒன்று, மூக்கின் மூடி கழற்றப்பட்டு நின்றது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இளமையிலே தொழில் பயின்று ஓய்வுபெற்ற இன்ஜினீயர், "வாங்க சார், முதல்ல இதைப் பாருங்க" என்று இறக்கையின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். வேறு எண்ணெயோடு மயங்காதிருக்கும்பொருட்டு நீலச்சாயம் ஊட்டிய அந்தத் திரவத்தின் அடியில், நிறமற்ற ஒரு முத்து உருண்டது. இரவு பெய்த மழை, டாங்கி மூடியின் வழியே கசிந்து இறங்கியிருந்தது. பெட்ரோலைவிடக் கனமான தண்ணீர் அடியிலே தங்கி, முதலில் எஞ்சினை நோக்கிப் புறப்படுமாம். மூன்றாம் முறை பிடித்தபோதுதான் முத்து மறைந்தது. ஆயினும் நான்காம் முறையும் பிடித்துப் பார்த்தார்.

அடுத்து எஞ்சினைக் காட்டினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தீப்பொறி தரத் தனித்தனியே இரண்டு மாக்னெட்டோ. மோட்டாரில் பிளக் கெட்டால் சாலையோரம் நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? கழற்றிய ஆயில் ஃபில்டரையும் அவர் வீசிவிடவில்லை. அறுத்து, காகித மடிப்புகளை விரித்து, உலோகத்தூள் மின்னுகிறதா என்று விரலால் தடவித் தேடினார்.

புதிய ஃபில்டர் அதிர்வில் கழலாதபடி கட்டும் லாக் வயரை ஒரு பையன் முறுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் குனிந்து பார்த்தார். குறடால் கம்பியை வெட்டிவிட்டார்.

"தம்பி, கம்பி எந்தப் பக்கம் இழுக்குது?"

"கழட்டுற பக்கம், சார்."

"மறுபடி போடு."

அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு, இழுப்பு எப்போதும் இறுகும் திசையிலே. பையன் முகம் வாடாமல் புதுக் கம்பி எடுத்தான். வானத்தில் ஏறுகிறவரை நாம் கொண்டாடுகிறோம். இந்தக் கம்பியை முறுக்கியவனை, 'பறக்கத் தகுதியுடையது' என்று தம் லைசென்ஸைப் பணயம் வைத்துக் கையெழுத்திடும் இந்தப் பெரியவரை, யாரும் விசாரிப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூடியைப் பூட்டியாயிற்று, மாணவ விமானி சீருடையோடு வாசலில் வந்து நின்றான். பெரியவர் பேனாவைத் திறந்தவர், சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் அதன் உருவமே கோடாக வரையப்பட்ட பலகை அது. அதில் ஒரு சிறு ஸ்பேனரின் உருவம் மட்டும் வெறுமையாயிருந்தது. மேஜை, தரை, பையனின் சட்டைப்பை எங்கும் தேடியும் அகப்படவில்லை. ஒருவரும் ஒருவரைக் கடிந்துகொள்ளவில்லை. பெரியவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். பையன் மூடியின் திருகுகளை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். மாணவ விமானி ஹெட்செட்டைப் பெஞ்சியின்மேல் வைத்துவிட்டு, விளக்கைப் பிடிக்கப் போனான்.