நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தண்ணீர்

பழவேற்காடு ஏரிக்கரைப் பக்கத்துப் பெண்களாகிய எங்களுக்கு டச்சுக்காரர்கள் புதியவர்கள் அல்லர். எங்கள் திருப்பாலைவனத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பழவேற்காடு வந்துவிடும். அங்கே 1613-ல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதரும், இடிந்த கல்லும், அகழியும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒழுங்காக இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் அலறுவார்கள். அப்புறம் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்!

துணி வாங்க வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், 1825-ல் ஆங்கிலேயர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கல் கிடக்கிறது. அதற்குச் சோறா, தண்ணீரா? கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நாமும் நம் வேலையைப் பார்க்கிறோம்.

ஆனால் அதே டச்சுக்காரர்கள் கல்லோடு உயிரையும் விட்டுப் போன இடம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, கடல் நடுவில் இருக்கும் நெடுந்தீவு. அவர்கள் தங்கள் நாட்டு ஊர் ஒன்றின் பெயரை அதற்கு வைத்து 'டெல்ஃப்ட்' என்றார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் பெயர். 2024 ஆகஸ்டில் நானும் என் கணவரும் அங்கே போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம்.

'எங்கே திருப்பாலைவனம், எங்கே நெடுந்தீவு?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பொன்னேரியில் நான் தையல் வகுப்புக்குப் போனபோது என் பக்கத்து மெஷினில் ஓர் அக்கா தைப்பார். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருவார். 1990-ல் பதினேழு வயதில் படகேறி வந்தவர். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கணவரின் சாவு எல்லாம் முகாமிலேயே நடந்தது. 2018-ல், "ஊருக்குப் போறன் தங்கச்சி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மகன், மகள் இருவரும் இங்கேயே இருக்கிறார்கள். முகாமில் இருப்பவர்கள் நாட்டைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். போய்விட்டால் திரும்பி வருவது லேசில்லை. அதனால் அம்மாவும் பிள்ளைகளும் போனில்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டிருக்கிறார்கள், நாமும் நல்லூர்க் கந்தனைப் பார்த்து வரலாம் என்று என் கணவர் சொன்னார். அது எப்படியோ அந்தப் பெண்ணின் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே வீட்டுக்கு வந்து நின்றாள். "சித்தி, அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. அந்தத் தீவுத் தண்ணி உப்பாம். ஒண்டியா என்ன பண்றாங்களோ தெரியல. நீங்க பார்த்துட்டு, எப்படியாவது பேசி இங்க வர ஒத்துக்க வைங்க" என்றாள். விசா எடுத்தாவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அவள் பிறந்தது இந்த மண்ணில். படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் இங்கேதான். ஆனால் அவள் அம்மாவைப் பார்த்து வருவதற்கான பாஸ்போர்ட் என் கையில் இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் வேலணை, புங்குடுதீவு என்று தீவுக்குத் தீவு கடல் நடுவே போட்ட பாதையில் போகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடலைப் பார்த்ததும் எங்கள் ஏரி ஞாபகம்தான் வந்தது. குறிகட்டுவான் என்ற துறையில் இறங்கிப் படகு ஏற வேண்டும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். அரிசி மூட்டை, சிமெண்ட், கோழிக்கூடு, பள்ளிக்கூட ஆசிரியைகள் எல்லாம் ஒரே படகில்! ஆகஸ்டில் அடிப்பது சோளகக் காற்று. என் கணவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து உட்கார வைத்தேன்.

துறையில் அக்கா சைக்கிளோடு நின்றிருந்தார். "வாங்கோ தங்கச்சி, வாங்கோ! கடல் அடிச்சதோ? அண்ணை நல்லாக் களைச்சுப் போனார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சொரசொரவென்று காய்த்துப் போயிருந்தது. அது ஏன் என்று பிறகு தெரிந்தது.

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது வேலிதான். நாம் முள்ளாலும் மட்டையாலும் வேலி கட்டுவோம். அங்கே முழுக்க முழுக்கப் பவளக் கல். முருகைக்கல் என்கிறார்கள். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். "விழாதா அக்கா?" என்றேன். "இடுக்குக்குள்ளால காத்துப் போயிடும். பிறகு எப்பிடி விழும்?" என்றார். தீவே முருகைக்கல்லால் ஆனது. தோண்டும் இடத்தில் கல், அதை எடுத்து அடுக்கினால் வேலி.

மறுநாள் காலையில் ஓர் ஆட்டோ பிடித்துச் சுற்றிப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் பழைய கோட்டை. போர்த்துக்கீசியர் தொடங்கி, 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஆண்டது. மாடி வைத்துக் கட்டிய அதுவும் முருகைக்கல்தான். கூரை போய், சுவர்கள் மட்டும் பற்களை இழந்த பாட்டியின் வாய் மாதிரி நிற்கின்றன. சற்றுத் தள்ளிப் புறாக்கூடு. கல்லில் வரிசை வரிசையாகப் பொந்து வைத்த கூண்டு. அந்தக் காலத்தில் புறாக்கள்தான் கடல் தாண்டிச் சேதி கொண்டு போயினவாம்.

ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடிமரத்துப் பொந்துக்குள் நாங்கள் மூன்று பேரும் தாராளமாக நின்றோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பழையது 'வெடியரசன் கோட்டை' என்று ஊரார் சொல்லும் இடம். உண்மையில் அவை பழங்காலப் பௌத்த தூபிகளின் அடிப்பாகங்கள். முருகைக்கல்லைச் செதுக்கி வட்ட வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். வெடியரசன் கதைதான் நம் பெண்களுக்குப் பிடிக்கும். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் என்பவன் கப்பலில் வர, வெடியரசன் அவனை மறித்துப் போர் செய்தானாம். ஈழத்துக் கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை'யில் இந்தக் கதை வருகிறது. கண்ணகி நமக்கு மதுரையோடு முடிந்துவிடுகிறாள். அங்கே அவள் கொலுசுக்குக்கூடத் தனிக் கதை இருக்கிறது!

சாயங்காலம் தீவின் தெற்குப் பக்கம் போனோம். மரமில்லாத பெரிய வெளி. புல் காய்ந்து மண் நிறமாகியிருந்தது. "அங்க பாருங்கோ" என்று அக்கா கை நீட்டினார். ஐம்பது அறுபது இருக்கும். செம்பழுப்பு நிறக் குதிரைகள், நடுநடுவே குட்டிகள். நம் கல்யாண ஊர்வலக் குதிரையைவிடக் குள்ளம். கடிவாளமும் இல்லை, லாடமும் இல்லை, சொந்தக்காரனும் இல்லை. எங்களைப் பார்த்ததும் ஒரு பெரிய குதிரை முன்னால் வந்து நின்றது. மற்றவை குட்டிகளை உள்ளே விட்டுச் சுற்றி நின்றுகொண்டன. நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தவற்றின் வம்சம் என்கிறார்கள். டச்சுக்காரர்கள் படைக்கும் விற்பனைக்குமாகக் குதிரைப் பண்ணையைப் பெருக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் நடத்தியிருக்கிறார். குதிரை லாயத்தின் கல் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பண்ணையால் லாபமில்லை என்று ஆனதும் விட்டுவிட்டார்கள். தூண்கள் தூண்களாகவே நின்றுவிட்டன. குதிரைகளுக்குத் தாகம் எடுத்தது.

ஏனென்றால், சகோதரிகளே, இந்தத் தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் எல்லாம். அந்தத் தண்ணீர் முருகைக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீருக்கு மேலே, மோரின் மேல் வெண்ணெய் மாதிரி மிதக்கிறது. நிதானமாக இறைத்தால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பக்கத்து மீனவர் குப்பங்களிலும் இதே கதைதான். வைகாசி பிறந்தால் குடத்தோடு நடக்கும் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நெடுந்தீவில் கடும் கோடை வந்தால் குளங்கள் வறண்டு, தண்ணீரில்லாமல் குதிரைகள் சாவதும் உண்டு. 2015-ல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். ஆனாலும் வானம்தான் பெய்ய வேண்டும்.

இரவு அக்காவின் வீட்டில் படுத்தோம். வீடு என்றால், கல் சுவர் நான்கு அறைக்கு இருக்கிறது. தகரக் கூரை இரண்டு அறைக்குத்தான். மற்ற இரண்டில் வேப்பமரம் முளைத்து நிற்கிறது. பக்கத்து வளவுகளிலும் அப்படிக் கூரையில்லாத வீடுகள். காலையில் பார்த்த கோட்டையைவிட இவைதான் என்னை அதிகம் வருத்தின. கோட்டைக்காரன் கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டான். இந்த வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டு அல்லவா போனார்கள்!

மகள் சொல்லி அனுப்பியதை அப்போதுதான் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் 'கிளினிக் கொப்பி'யைக் கொண்டு வந்து காட்டினார். மாதம் தவறாமல் ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்து எழுதியிருந்தது. குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த தண்ணீரைச் சைக்கிளில் கேன் கட்டி எடுத்து வருகிறார். கிணற்றுத் தண்ணீர் துவைக்க, கழுவ, பயிருக்கு. (இதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.)

"முகாமில இருபத்தெட்டு வருசம் வரிசையில நிண்டு தண்ணி பிடிச்சனான் தங்கச்சி. இஞ்ச வரிசை இல்லை" என்றார் அக்கா. பிறகு, "பிள்ளையை நினைச்சா நித்திரை வராது. அதுக்காக இதை விட்டிட்டு வரேலாது" என்றார்.

விடிகாலையில் கல்லில் குளம்பு தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா கிணற்றடியில் இருந்தார். கப்பி துருப்பிடித்து இறுகிவிட்டதால் கயிற்றை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தார். கை காய்த்துப் போன காரணம் அதுதான். படலைக்கு வெளியே ஒரு சிமெண்ட் தொட்டி. வறட்சிக் காலத்தில் குதிரைகள் ஊர்ப் பக்கம் வரும். தெருவில் உள்ள பெண்கள் முறை வைத்து அந்தத் தொட்டியை நிரப்புகிறார்கள். அன்று அக்காவின் முறை. நானும் சேலையைச் செருகிக்கொண்டு பத்து வாளி இழுத்துக் கொடுத்தேன். ஒரு தாய்க் குதிரை தூரத்தில் நின்று நாங்கள் விலகும்வரை காத்திருந்து, குட்டியை முன்னே விட்டுத் தண்ணீர் குடிக்க வந்தது.

"இதுகளும் எங்களை மாதிரித்தான். கொண்டு வந்தவங்கள் விட்டிட்டுப் போட்டாங்கள். இதுகள் எங்க போறது? இருக்கிற இடத்தில சீவிக்குதுகள்" என்றார் அக்கா. அதற்குமேல் நான் அவரிடம் 'வா' என்று சொல்லவில்லை.

நெடுந்தீவு போக நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. பாஸ்போர்ட்டோடு இலங்கை அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். திரும்பி வரும் படகின் நேரத்தைக் குறிகட்டுவானிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தை, மாசியில் போனால் புல் பச்சையாக இருக்கும். குழந்தைகளுக்கு வெயிலும் அவ்வளவு உறைக்காது. குடிநீரைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்தத் தீவில் இருப்பவர்களின் பங்கில் கை வைக்க வேண்டாம். குதிரைகளை விரட்டிப் படம் எடுக்காதீர்கள். வேலிக் கல்லை ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள். ஒரு கல்லை உருவினால் வேலி சரியும்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண் வந்தாள். போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். கோட்டையையும் பெருக்க மரத்தையும் சட்டென்று தள்ளிவிட்டு, அம்மாவின் கிணற்றடிப் படத்தில் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள். தொட்டி, குதிரை, குட்டி, பிறகு அம்மாவின் கை. கிளினிக் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். வரிசை பற்றிச் சொன்னதையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ வர மாட்டாங்க" என்றாள். "மாட்டாங்கம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, அந்தக் கப்பி எந்த சைஸ்?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் பொன்னேரிக் கடைத்தெருவுக்குப் போனோம். இரும்பு வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று கடைக்காரரிடம் அவளே விளக்கிச் சொல்லி நைலான் கப்பியும், கை வலிக்காத தடித்த கயிறும் வாங்கினாள். இரண்டும் இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. நல்லூர்க் கந்தன் மறுபடி கூப்பிடும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும்.