வகை பிரித்தலும் தொலைவு காண்டலும்

வானியல் நூலொன்றைப் புரட்டும் கலைப்பீட மாணவரை மலைக்கச் செய்வன அதிலுள்ள எண்களே. அந்திரோமீடா விண்மீன் மண்டலம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது எனப் படிப்போர் வியந்து அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவர். அதனை எவர், எவ்வாறு அளந்தனர் என வினவுவோர் சிலரே. நிலத்தை அளப்பவர் சங்கிலி பிடித்து அளப்பர். ஒளியே 25 இலட்சம் ஆண்டு பயணஞ் செய்து வந்து சேரும் தூரத்துக்கு எச்சங்கிலியை நீட்டுவது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கணிதத்துக்கு முன்னதாக வகைப்பாட்டையே எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இஃது எவ்வகைப் பொருள் எனத் தெளிந்த பின்னரே அஃது எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கூறமுடிகிறது. வகையிற் பிழை நேரின் தொலைவும் பிழைத்துவிடும். அத்தகைய பிழையொன்று கால் நூற்றாண்டுக்கு மேலாக, அறியப்பட்ட பிரபஞ்சத்தைப் பாதியாகச் சுருக்கி வைத்திருந்தது.

அண்மையிலுள்ள உடுக்களின் தொலைவை அறிதல் ஒப்பீட்டளவில் எளிது. பூமி சூரியனைச் சுற்றி வருவதால், ஆறு மாத இடைவெளியில் இரு வேறு இடங்களிலிருந்து நோக்கப்படும் உடு, பின்னணியிலுள்ள உடுக்களுக்கெதிரே சற்று இடம்பெயர்ந்தது போலத் தோன்றும். இவ்விடமாறு தோற்றத்தைக் கொண்டு 1838 இல் பெசல் என்னும் ஜேர்மனியர் 61 சிக்னி என்ற உடுவின் தொலைவைக் கணித்து வெளியிட்டார். ஆயின் தொலைவு கூடக் கூட இப்பெயர்ச்சி சிறுத்து மறைந்துவிடுகிறது. அதற்கப்பால் ஒளியின் மங்கலே துணை. ஒரு விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்திருப்பின், அது கண்ணுக்கு எத்துணை மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். தூரம் இருமடங்காயின் ஒளி நான்கில் ஒன்றாகும். இரவிலே கடலில் தெரியும் ஒளி, அண்மையில் நிற்கும் தோணியின் அரிக்கன் லாம்பா, தொலைவிற் செல்லும் கப்பலின் மின்விளக்கா என அறியாதவரால் இக்கணக்கைச் செய்யவியலாது.

விளக்கின் வகையை அறியும் வழியைக் கண்டவர் பேராசிரியர் எவருமல்லர். அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வு நிலையத்தில் மணித்தியாலத்துக்கு 30 சதம் ஊதியம் பெற்றுப் பணியாற்றிய ஹென்றியேற்றா லெவிற் என்ற பெண்மணியே அவர். அங்கு ‘கணிப்பாளர்’ என அழைக்கப்பட்ட பெண்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வேலை, கண்ணாடித் தட்டுகளிற் பதிந்த உடுக்களை ஒவ்வொன்றாக நோக்கி அவற்றின் ஒளியளவைக் குறித்து வைத்தல். லெவிற்றுக்கு வந்து சேர்ந்த தட்டுகள் பேரு நாட்டின் அரெக்குவிப்பா நகரில் ஹாவாட் நிறுவியிருந்த கிளை நிலையத்தில் எடுக்கப்பட்டவை. தென்வானத்து மகெல்லன் முகில்கள் இரண்டிலும் 1777 மாறொளி உடுக்களை அவர் இனங்கண்டு 1908 இல் வெளியிட்டார். இலங்கையின் தென்கரையில் நிலவற்ற மார்கழி இரவொன்றில் இம்முகில்களைத் தெற்கு அடிவானத்தருகே காணும் வாய்ப்புண்டு. லெவிற் பணிபுரிந்த கேம்பிறிட்ஜ் நகர் வானிலோ அவை ஒருபோதும் உதிப்பதில்லை. தம் ஆய்வுப் பொருளை அவர் கண்ணாடியிலேயே கண்டார்.

1912 இல் அவரது முடிவு மூன்று பக்கச் சுற்றறிக்கையாக வெளிவந்தது. சிறிய மகெல்லன் முகிலிலுள்ள 25 உடுக்களை எடுத்துக்கொண்டு, ஒளி கூடிக் குறையும் காலவட்டம் நீண்டவை பிரகாசம் மிக்கவை என்பதை அவர் ஒரு நேர்கோட்டிற் காட்டினார். அவை யாவும் ஒரே முகிலைச் சேர்ந்தவையாதலின் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஆகவே தோற்றத்திலுள்ள வேறுபாடு உண்மையான வேறுபாடேயாகும். செபீட் எனப்படும் இவ்வகை உடுவொன்றின் காலவட்டத்தை நாட்கணக்கில் எண்ணினாற் போதும், அதன் உண்மைப் பிரகாசம் வெளிப்பட்டுவிடும். சுற்றறிக்கையின் அடியில் உள்ள பெயர் நிலையத் தலைவர் பிக்கெரிங்குடையது. அதனைத் தயாரித்தவர் செல்வி லெவிற் என்ற குறிப்பு தொடக்கத்தில் உண்டு. 1921 இல் லெவிற் காலமானார். அதை அறியாத சுவீடிய கணிதவியலாளர் மித்தாக் லெஃப்லர், நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பி 1925 இல் அவருக்கே கடிதம் எழுதினார்.

அக்காலத்தில் சுருள் வடிவ நெபுலாக்கள் யாவை என்பதே பெருவிவாதமாயிருந்தது. 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லியும் ஹீபர் கேட்டிஸும் இதுபற்றித் தத்தம் கருத்தை முன்வைத்தனர். பால்வீதியே பிரபஞ்சத்தின் பெரும்பகுதி, நெபுலாக்கள் அதனைச் சார்ந்த சிறு பொருள்கள் என்பது ஷாப்லியின் கட்சி. அவை ஒவ்வொன்றும் பால்வீதியை ஒத்த தனி மண்டலம் என்றார் கேட்டிஸ். இருவரும் அறிவிற் குறைந்தவரல்லர். அளவுகோல் இல்லாத இடத்தில் வாதத்தாற் பயனில்லை என்பதே அன்று புலனாயிற்று.

மூன்றாண்டு கழிந்து, 1923 ஒக்டோபரில், மவுண்ட் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியால் எட்வின் ஹபிள் அந்திரோமீடாவைப் படமெடுத்தார். தட்டில் ஒரு புள்ளியை நோவா எனக் கருதி முதலிற் குறித்தவர், பழைய தட்டுகளோடு ஒப்பிட்டபின் அக்குறியை வெட்டிவிட்டு ‘மாறொளி உடு’ என எழுதினார். வெட்டப்பட்ட அவ்வொரு குறியை வானியலின் மிகப் பெரிய திருத்தம் எனல் தகும். அது 31 நாட் காலவட்டமுடைய செபீட். லெவிற்றின் விதிப்படி கணித்தபோது தொலைவு ஒன்பது இலட்சம் ஒளியாண்டளவில் வந்தது. ஷாப்லியின் பால்வீதியைப் போல மும்மடங்கு! நெபுலா என்ற வகை அத்துடன் உடைந்தது.

வகை உடைந்ததும் புதுவகை வேண்டியதாயிற்று. 1926 இல் ஹபிள் விண்மீன் மண்டலங்களை நீள்வளையம், சுருள், சட்டச் சுருள், ஒழுங்கற்றவை எனப் பகுத்தார். பின்னர் அவை இசைக்கவை வடிவிற் படமாக்கப்பட்டன: கைப்பிடியில் நீள்வளையங்கள், இரு கிளைகளில் இருவகைச் சுருள்கள். கைப்பிடிப் பக்கத்தவற்றை ‘முந்தியவை’ என்றும் கிளை நுனியிலுள்ளவற்றை ‘பிந்தியவை’ என்றும் அழைத்தார். இச்சொற்கள் காலத்தைக் குறிப்பன அல்ல என அவரே எச்சரித்திருந்தும், நீள்வளையம் முதிர்ந்து சுருளாகிறது எனப் பலர் கொண்டனர். பெயர் பொருளை ஆளும் விபத்து மொழி பயில்வோருக்குப் புதிதன்று. சுருள்கள் மோதிக் கலப்பதால் நீள்வளையங்கள் உருவாகலாம் என்பதே இன்றைய கருத்து, ஏறக்குறைய தலைகீழ். ஆயினும் அப்பகுப்பு இன்றும் பயன்படுகிறது, தொலைவு காண்போருக்குச் சிறப்பாக. செபீட்கள் இளம் உடுக்கள்; அவை உடுக்கள் புதிதாய்ப் பிறக்கும் சுருட்கைகளிலே உண்டு, முதிய நீள்வளையங்களிற் கிடைப்பதரிது. 1977 இல் டல்லியும் ஃபிஷரும் கண்ட, சுழலும் வேகத்தைக் கொண்டு பிரகாசத்தை அறியும் முறையும் சுருள்களுக்கே உரியது. வடிவத்தை நோக்காமல் அளவுகோலைத் தெரிய முடியாது.

முன்னர்க் குறித்த பெரும்பிழை செபீட் என்ற பெயருக்குள்ளேயே மறைந்திருந்தது. மண்டலங்கள் விலகிச் செல்லும் வேகத்தையும் தொலைவையும் தொடர்புபடுத்தி 1929 இல் ஹபிள் பெற்ற எண், மெகாபார்செக் ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டுக்கு, விநாடிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். அதன்படி பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டளவே. கதிர்த்தொழிற்பாட்டால் அறியப்பட்ட பூமியின் வயதோ அதனினும் கூடியது. தாயினும் மூத்த மகள்!

முடிச்சை அவிழ்த்தவர் வால்ட்டர் பாடே. ஜேர்மனியராதலின் இரண்டாம் உலகப் போரின்போது அவர் இராணுவ ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. மவுண்ட் வில்சனிலேயே இருந்தார். போர்க்கால விளக்கணைப்பால் லொஸ் ஏஞ்சலிஸ் நகர் இருண்டிருந்த இரவுகளில் அந்திரோமீடாவின் நடுப்பகுதியைத் தனி உடுக்களாகப் பிரித்துப் படமெடுத்தார். உடுக்களில் இளையோர், முதியோர் என இரு குடிகள் உண்டென்பதை 1944 இல் வெளியிட்டார். செபீட்களும் இருவகையின என்பது பின்னர்த் தெளிந்தது. அந்திரோமீடாவில் ஹபிள் கண்டவை, அளவுகோலை நிறுவும்போது கருதப்பட்டதிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு பிரகாசமானவை. நான்கு மடங்கு ஒளியெனின் இருமடங்கு தூரம். 1952 இல் றோம் மாநாட்டில் பாடே இதனை அறிவித்தபோது மண்டலங்களின் தொலைவெல்லாம் ஒரேயடியாக இருமடங்காயின. வானில் ஒன்றும் அசையவில்லை.

அதன்பின் வந்த திருத்தங்கள் பல. 1970 களிலும் 1980 களிலும் சண்டேஜ் 50 என்ற எண்ணையும் டி வொக்குலேயர் 100 என்ற எண்ணையும் விடாது பற்றி நின்றனர். ஹபிளின் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி கொண்டு வென்டி பிறீட்மன் குழுவினர் 2001 இல் 72 என்றனர். விவாதம் முடிந்ததென்று பலர் கருதிய வேளையில், பிரபஞ்சத்தின் தொல்லொளியை ஆராய்ந்த பிளாங்க் செய்மதியின் முடிவு 67 ஐ அண்டி நின்றது. செபீட்களையும் சுப்பர்நோவாக்களையும் கொண்டு அடம் ரீஸ் குழுவினர் பெறுவது 73. இடைவெளி சிறிதெனினும் இருசாராரும் கூறும் வழுவெல்லையை மீறியது.

செறிந்து கிடக்கும் அயல் உடுக்களின் ஒளி செபீட்களின் ஒளியோடு கலந்து மயக்குகிறதோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2022 இற் பணி தொடங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அதே செபீட்களை மீண்டும் அளந்த ரீஸ் குழுவினர், பிழை அங்கில்லை என்றனர். அத்தொலைநோக்கியையே கொண்டு பிறீட்மன் குழுவினர் செபீட்களோடு வேறு இரு வகை முதிய உடுக்களையும் அளந்து, 70 ஐ அண்டிய எண்ணைப் பெற்றனர். எவ்வகை உடுவின் சொல்லை ஏற்பது என்பதில் இரு குழுவினரும் இன்னும் உடன்படவில்லை.