போனசும் கவசமும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதலாமாண்ணே?" என்றேன். "நம்ம பசங்களுக்கு உபயோகமா இருந்தா எழுதுப்பா" என்றார். உபயோகம் இருக்கிறது நண்பர்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சிவகாசியில் அச்சகத்துக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் பெரியப்பா மகனிடம் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. காலண்டர் சீசன் முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அது சும்மா இருக்கும். அதில்தான் 'மெக்வாரியர் ஆன்லைன்' பழகினேன். கனடாவின் பிரான்ஹா கேம்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. 1984-ல் அமெரிக்காவில் பிறந்த ஒரு பலகை விளையாட்டுதான் இதற்கு மூலம். மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் இரும்பு ராட்சசர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் போர். 20 டன் 'லோகஸ்ட்' முதல் 100 டன் 'அட்லஸ்' வரை பல வகை உண்டு.

ஒவ்வொரு உறுப்புக்கும் வெளியே கவசம், உள்ளே எலும்புக்கூடு. கவசம் தீர்ந்தபின் எலும்பில் அடி விழும். நடு நெஞ்சு உடைந்தால் ஆட்டம் முடிந்தது. 2017-ல் இதில் திறன் புள்ளி முறை வந்தது. ஓர் இயந்திரத்துக்கு 91 புள்ளி. அதை ஆயுதத்துக்கும் போடலாம், வேகத்துக்கும் போடலாம், கவசத்தையும் எலும்பையும் உறுதியாக்கவும் போடலாம். உறுதி கூடுவது சதவீதக் கணக்கில். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லோகஸ்டின் நடு நெஞ்சுக்கு அதிகபட்சக் கவசம் 24, எலும்பு 12. ஆக 36. அட்லசுக்குக் கவசம் 124, எலும்பு 62. ஆக 186. (கவசத்தை முன்னும் பின்னும் பங்கிட வேண்டும், கணக்குக்காக எல்லாம் முன்பக்கமே என்று வைத்துக்கொள்வோம்.) இரண்டுக்கும் 10 சதவீதம் போனஸ் கொடுத்தால் அட்லசுக்கு 18.6 கூடுகிறது. லோகஸ்டுக்கு வெறும் 3.6. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எடை குறைந்த இயந்திரத்துக்குச் சதவீதத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை. "இதென்னடா பெரிய கணக்கு? தீபாவளி போனசும் அப்படித்தான. கூலி கம்மின்னா போனசும் கம்மிதான்" என்றாள். நான் ஒரு பக்கம் எழுதிப் பார்த்ததை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்!

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஒரு குண்டுக்கு 20 சேதம் செய்யும் பீரங்கி ஒன்று இந்த விளையாட்டில் உண்டு. 36 உள்ள லோகஸ்ட் இரண்டாவது குண்டில் விழும். 10 சதவீதம் கூட்டினால் 39.6. அப்போதும் இரண்டாவது குண்டில்தான் விழும்! செலவழித்த புள்ளி அத்தனையும் அந்தப் பீரங்கி முன்னால் வீண். 12 சதவீதம் கூட்டினால் 40.32; மூன்றாவது குண்டு தேவைப்படும். அட்லசுக்கு 10 சதவீதமே போதும், பத்துக் குண்டு பதினொன்றாகிவிடும். ஆக, போனஸ் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த அளவின் மேல் ஏறுகிறது, எதிரே வரும் அடி எவ்வளவு பெரியது என்றும் பார்க்க வேண்டும்.

புள்ளியில் சேராத திறமையும் ஒன்று உண்டு. நல்ல ஓட்டுநர் சுட்டவுடன் உடம்பைத் திருப்பி, நெஞ்சில் விழ வேண்டிய அடியைக் கையிலும் தோளிலும் பங்கிட்டு வாங்குவான். அதே இயந்திரம் அவன் கையில் அதிக நேரம் நிற்கும். ஆனால் அவனும் கவசத்தைத் தடிமனாக்கவில்லை, அடி விழும் இடத்தைத்தான் மாற்றுகிறான்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஆலைக்குப் போகிறவர்கள்தான். அம்மா இருபது வருஷமாகப் போகிறாள். பத்திரமா இரும்மா என்றால், "என் கைக்குத் தெரியாதா? உரசாம, அழுத்தாம செலுத்துவேன்" என்பாள். அது உண்மையும்கூட. அந்தக் கைதான் எனக்குப் பீஸ் கட்டுகிறது. ஆனால் அந்தத் திறமை அடி வராமல் பார்த்துக்கொள்ளும் திறமை. பக்கத்து அறையில் வேறொருவர் கை தவறினால், அம்மாவின் இருபது வருஷம் அங்கே எத்தனை சதவீதம்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அவ்வளவு பெரிய அடிக்கு முன்னால் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் கிடையாது.

அங்கே கவசம் எது? மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கவசம். அறைக்கும் அறைக்கும் விட்ட இடைவெளி கவசம். வெளியே ஓட வழி திறந்திருப்பது, பருத்தித் துணி உடுத்துவது, உடம்பின் மின்னேற்றம் இறங்க உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைவது, இவைதான் அடிப்படை அளவு. இவற்றைக் குறைத்துவிட்டு, "எல்லாம் அனுபவசாலிங்கதான், ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது, 36-ன் மேல் 10 சதவீதம் போட்டு அட்லஸ் என்று பெயர் வைப்பது போலத்தான்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் சூபர்வைசராக இதே ஊர் ஆலைகளுக்குள் போவோம். டிப்ளமோ நமக்குக் கிடைத்த போனஸ் என்று நினைத்துப் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அஞ்சாவது ஆளை அறைக்குள் அனுப்பச் சொல்லும்போது "முடியாது சார்" என்று சொல்லக்கூடிய இடத்தில் நாம் இருப்போம். எங்கம்மா அப்படிச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. நாம் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். படித்ததன் பயனை அந்த இடத்தில் காட்டுவோம்.