வெட்டுமுன் எழுத வேண்டிய குறிப்பு

அரசு அலுவலகத்தில் ஒரு பழைய நாற்காலியைக் கழித்துக்கட்டுவதற்குக்கூட ஒரு முறை உண்டு. அது எப்போது வாங்கப்பட்டது, எதனால் பயன்படாது போயிற்று, செப்பனிட இயலுமா, இயலுமாயின் செலவு என்ன என்பவற்றையெல்லாம் குறிப்பாக எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்ற பின்னரே அதனை அறையைவிட்டு அகற்றலாம். இருபது ஆண்டுகளாக இத்தகைய குறிப்புகளை எழுதிப் பிழைப்பவன் நான். அதனால்தானோ என்னவோ, நாற்பது ஆண்டுகள் நின்ற மரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், காப்பி ஆறுவதற்குள், வெட்டிவிடுவது என்று மக்கள் முடிவு செய்வதைக் காணும்போது எனக்கு வியப்பு உண்டாகின்றது. நாற்காலி போனால் வேறொன்று வரும். மரத்தின்மீது பிறப்பிக்கப்படும் ஆணைக்கோ மேல்முறையீடு கிடையாது.

தலைநகரிலும் பிற நகரங்களிலும் குடியேறிய நம்மவருள் பலர் இன்று சொந்த வீட்டுக்காரர்கள். தந்தையர் காலத்தில் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தபோது, மரம் சாய்ந்தாலும் வளர்ந்தாலும் அது மத்தியப் பொதுப்பணித் துறையின் கவலை. மனை சொந்தமானபோது கவலையும் சொந்தமாயிற்று. எனவே, வாயிலில் நிற்கும் மரத்தை அகற்ற நினைப்பவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதை, எங்கள் வீட்டு அனுபவத்தோடு சேர்த்துச் சொல்ல விழைகின்றேன்.

எங்கள் வீடு யமுனைக்குக் கிழக்கே, நூறு கஜ மனையில் என் தந்தையார் கட்டியது. கடைக்கால் தோண்டிய ஆண்டிலேயே வாயிலின் மேற்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றையும் நட்டார். வீடு முடியச் சில ஆண்டுகள் ஆயின. வேம்பு அதற்குள் ஆளுயரம் தாண்டிவிட்டது. தில்லியில் வேம்பு மாசி பங்குனியில் இலையுதிர்த்து, மீண்டும் துளிர்த்து, சித்திரைப் பிறப்பை ஒட்டிப் பூக்கும். எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் உள்ள தமிழ்க் குடும்பத்தார் ஆண்டுப் பிறப்பன்று பச்சடிக்கு வேண்டிய பூவை எங்கள் வாயிலில்தான் பொறுக்கிச் செல்வர். 'மதராஸிகளின் மரம்' என்றே பஞ்சாபி அண்டை வீட்டார் அதற்குப் பெயரிட்டிருந்தனர்.

2022 மே 30 அன்று மாலை தில்லியைத் தாக்கிய ஆந்தியை இந்நகரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். சற்று நேரத்திற்குள் நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் வேம்பு சாயவில்லை. ஆனால் அதன் காய்ந்த பெருங்கிளை ஒன்று முறிந்து, முன்னறைச் சாளரத்தின் சன்ஷேடை உடைத்துக்கொண்டு விழுந்தது. அந்த அறையில்தான், இடுப்பெலும்பு முறிந்து எழ இயலாத நிலையில், என் அன்னையார் படுத்திருந்தார். கண்ணாடிச் சில்லுகள் அவர் கட்டிலின் காலடிவரை சிதறிக் கிடந்தன.

மேல்மாடியில் வசிக்கும் என் தமையனார் அன்றிரவே, "வெட்டிவிடுவோம். அம்மாவைவிட மரம் பெரிதா?" என்றார். இக்கேள்விக்கு யார் விடை கூற இயலும்? என் மனைவியும், "அண்ணா சொல்வது சரிதான்; அத்தையை வைத்துக்கொண்டு நாம் துணியக்கூடாது" என்றாள். விடை கூறியவர் அன்னையார்தாம். "நான் விழுந்தபோது டாக்டரிடம் காட்டினீர்கள். படம் எடுத்துப் பார்த்த பிறகுதானே என்ன செய்வதென்று சொன்னார்? அதற்கும் தெரிந்தவர் ஒருவரைக் காட்டுங்கள். அவர் வெட்டச் சொன்னால் வெட்டுங்கள்" என்றார்.

தோட்டக்கலைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் மரத்தைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்து, "எதற்காக வெட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்லுங்கள்" என்றார். சொல்லச் சொல்லக் காரணங்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. சருகு விழுகிறது, காக்கை எச்சமிடுகிறது, வண்டி நிறுத்த இடமில்லை, மதிலில் விரிசல் என்பன ஒரு வகை. உயிருக்கு ஆபத்து என்பது மற்றொன்று. முன்னவை தொல்லைகள், துடைப்பத்தாலும் கொத்தனாராலும் தீர்க்கக்கூடியவை. ஆபத்து ஒன்றே மரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கத் தக்கது. பல வீடுகளில் தொல்லைகள்தாம் ஆபத்து என்னும் உடையை அணிந்துகொண்டு வருகின்றன என்று அவர் நகைத்தார்.

பின்னர் மரத்தை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்தார். அவர் கவனித்தவற்றை வீட்டுக்காரர் எவரும் கவனிக்கலாம். அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான்கள் முளைத்துள்ளனவா? இருப்பின் உள்ளே அழுகல் நடைபெறுகின்றது என்பது பொருள். மரம் சாய்ந்திருக்கின்றதா? இளமை முதலே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்பத் தன்னை வலுப்படுத்திக்கொண்டிருக்கும்; ஆனால் அண்மையில் சாயத் தொடங்கி, எதிர்ப்புறத்து மண் வெடித்து மேலெழும்பியிருப்பின் அது அவசர எச்சரிக்கை. பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் பிளவு உண்டா? உச்சிக் கிளைகள் காய்ந்து வருகின்றனவா? அண்மையில் குழாய்க்கோ கம்பிவடத்திற்கோ பள்ளம் தோண்டி வேர்களை அறுத்தனரா?

பொந்து கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி உயிரற்றது; நீரை மேலேற்றுவது அதனைச் சூழ்ந்த வெளிக்கட்டை. நடுப்பகுதி உளுத்தாலும், சுற்றுச்சுவர் போதிய கனத்துடன் முழுமையாக இருப்பின் மரம் குழாய் போல் நெடுநாள் நிற்கும். அது போலவே, வேர்கள் ஆழத்தில் இருக்கின்றன என்று நாம் நினைப்பதும் பெரும்பாலும் பிழை. அவற்றுள் மிகுதியானவை மேல்மண்ணின் ஒரு மீட்டருக்குள், கிளைகளின் விரிவையும் கடந்து பரவுகின்றன. ஆகவே அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசுவது அதன் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

எங்கள் வேம்பின் குறை அதுவேதான். சில ஆண்டுகளுக்கு முன் தெருவுக்குக் கல் பதித்தவர்கள் அடிமரம்வரை சிமெண்டை இழுத்துவிட்டுப் போயிருந்தனர். நீரும் காற்றும் குன்றியதால் உச்சிக் கிளைகள் இரண்டு காய்ந்தன. அவற்றுள் ஒன்றே முறிந்தது. அடிமரமும் கவடுகளும் உறுதியாக இருந்தன. "வெட்ட வேண்டியது மரத்தை அன்று, மீதமுள்ள அந்தக் காய்ந்த கிளையை. உடைக்க வேண்டியது இந்தச் சிமெண்டை" என்று நண்பர் முடிவுரைத்தார். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி நிர்வாகங்களுக்கு ஆணையிட்டதையும் நினைவூட்டினார்.

மரமென்றால் அவ்வாறே விட்டுவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அவ்வாண்டே எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் குல்மோஹர் மரத்தை வெட்டினர். அதனையும் இந்நண்பரே பார்த்தார். கழிவுநீர்க் குழாய்க்காக ஒரு பக்கத்து வேர்கள் முழுதும் அறுபட்டிருந்தன, அடியில் காளான், மறுபக்கம் பிள்ளைகள் விளையாடும் இடம். அதனை விட்டுவைப்பது அன்பாகாது என்று அவரே சொன்னார். உரிய அனுமதி பெற்றே அகற்றினர். ஆபத்து என்பது மரத்தின் நலிவு மட்டுமன்று. விழுந்தால் அதன் கீழே யார் இருப்பர் என்பதும் சேர்ந்ததே. ஆள் நடமாட்டமில்லாத மூலையில் நிற்கும் நலிந்த மரம் இருந்துவிட்டுப் போகலாம்.

நற்றிணையின் 172ஆம் பாடலில், தாம் விளையாட்டாகப் புதைத்த விதையிலிருந்து முளைத்த புன்னையைத் தாய் தம் தங்கை என்று சொல்லியிருப்பதால், அதன் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேச நாணுவதாகத் தோழி உரைப்பது தமிழன்பர்கள் அறிந்ததே. மரத்தை உடன்பிறப்பு என்று கொண்டவர்கள் நம் முன்னோர். உடன்பிறந்தவருக்கு நோய் வந்தால் முதலில் மருத்துவம் பார்ப்போம். வேறு வழியே இல்லாதபோதுதான் உறுப்பை நீக்கச் சம்மதிப்போம். அந்த வரிசையை மரத்திற்கும் கடைப்பிடிப்பது மிகையாகாது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 'என் மனை, என் மரம்' என்னும் வாதம் தில்லியில் செல்லாது. 1994ஆம் ஆண்டின் தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, தனியார் நிலத்தில் நிற்கும் மரத்தையும் மர அலுவலரின் முன்னனுமதியின்றி வெட்டுதல் குற்றம். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், 1 மீட்டருக்குக் குறையாத உயரமும் உள்ளதெல்லாம் அச்சட்டத்தின் பார்வையில் மரமே. உயிருக்கோ உடைமைக்கோ உடனடிப் பேராபத்து இருப்பின் முதலில் வெட்டிவிட்டு, 24 மணி நேரத்திற்குள் அலுவலருக்குத் தெரிவிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. அந்நிலையில் வெட்டுமுன் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. கிளை கழிப்பதிலும் கவனம் தேவை. 15.7 செ.மீ. சுற்றளவுவரை உள்ள கிளைகளை அனுமதியின்றியே கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டு நெறியைத் தில்லி உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் நீக்கியது. எனவே கத்தியை எடுக்குமுன் நடப்பு விதியைக் கேட்டறிவதே நன்று. மும்பை அன்பர்களுக்கு 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டமும், பெங்களூர் அன்பர்களுக்கு 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளன. வேலிக்கு இருபுறமும் கிளை விரித்த மரமாயின், அண்டை வீட்டாரிடம் பேசிவிட்டு விண்ணப்பிப்பது பின்னர் எழக்கூடிய பல பூசல்களைத் தவிர்க்கும்.

அனுமதி கிடைத்த பின்னும் யாரிடம் வேலையை ஒப்படைப்பது என்பது பெரிய கேள்வி. "கூலி வேண்டா, கட்டையைக் கொடுத்தால் போதும்" என்று வருபவர் மரத்தைப் பார்ப்பதில்லை. கட்டையின் எடையைப் பார்க்கின்றார். காய்ந்த கிளையைக் கழிக்கச் சொன்னால் பசுங்கிளையில் கைவைப்பார். மரத்தை மொட்டையடிப்பதும் தீங்கே. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்ப்பவை மேற்கட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பதால், சில ஆண்டுகளில் பெருத்துக் காற்றில் முறியும். கனத்த கிளையை முதலில் கீழிருந்து சிறிது அறுத்து, பின்னர் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து வீழ்த்தி, இறுதியில் எஞ்சிய முளையை நீக்க வேண்டும். இல்லையேல் கிளை தன் கனத்தால் அடிமரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு போகும். கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள பருத்த வளையத்தைக் காயப்படுத்தலாகாது. காயம் ஆறுவது அங்கிருந்துதான். மின்கம்பி அருகே ஓடினால் மின் வழங்குவோருக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பின்னரே ஆள் ஏற வேண்டும். ஏறுகிறவர் இடுப்பில் கயிறு உண்டா என்று பார்ப்பது நம் கடமை; அவரும் ஒரு வீட்டின் தூண். கூடுகளில் குஞ்சுகள் உள்ள காலமாயின், அவசரமில்லாத வேலையை ஒத்திவைக்கலாம்.

எங்கள் விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்து அனுமதியாக வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. அதனால் எனக்கு வருத்தமில்லை. கோப்பின் நடை எனக்குப் பழக்கம். அதற்கிடையில், காற்று எழும் அறிகுறி கண்டால் அன்னையாரின் கட்டிலைப் பின்னறைக்கு நகர்த்துவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். கட்டிலின் கால்களில் சக்கரம் பொருத்திய செலவு, மரம் வெட்டும் கூலியில் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. இலையுதிர்ந்த பருவத்தில் காய்ந்த கிளையை முறைப்படி கழித்தோம். அடியிலிருந்த சிமெண்டைத் தமையனாரே ஆளை வைத்து உடைத்து, எருவும் மண்ணும் இட்டார். முன்னறையின் மேற்குச் சுவரில் ஜூன் மாத வெயில் படாதிருப்பதன் அருமையை, அவ்வறையில் நாள் முழுதும் இருப்பவரிடம்தான் கேட்டறிய வேண்டும். இனிக் கிளையே முறியாது என்று எவரும் உறுதி கூறவில்லை. ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன், நண்பர் கண்ட அடையாளங்களை நாங்களே பார்த்துக் குறித்து வைக்கின்றோம்.

வெட்டியே தீர வேண்டும் என்னும் நிலை உங்களுள் சிலருக்கு வரலாம். வந்தால் குற்றவுணர்வு வேண்டா. காரணத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியதை மறுநாள் படிக்கும்போதும் அது காரணமாகவே தோன்றினால் விண்ணப்பியுங்கள். ஒரு மரத்திற்குப் பத்துக் கன்று என்பது தில்லியின் கணக்கு. கன்று நடுவதோடு கணக்கு முடிவதில்லை. முதல் மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார் யார் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.