அன்னநடையும் வேகநடையும்

வைகறைப் பொழுதில் வெள்ளவத்தைக் கடலோரமாகச் செல்லும் மரைன் டிரைவ் வீதியில் பெண்கள் பலர் நடந்து செல்வர். நீரிழிவுக்காக நடப்போரும், இரத்த அழுத்தத்துக்காக நடப்போரும், மருத்துவரின் கட்டளைக்காக நடப்போருமே அவருள் பெரும்பாலோர். கொட்டாஞ்சேனையிலோ சந்தைக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குமாகப் பெண்கள் நாள் முழுதும் நடக்கின்றனர். நோய்க்காகவும் குடும்பத்துக்காகவும் நடக்கும் பெண்ணைத் தமிழ்ச் சமூகம் என்றும் தடுத்ததில்லை. வெல்வதற்காக ஒரு பெண் நடப்பதை அது எவ்வாறு நோக்குகிறது என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவை எழுப்பியவர் ஒரு மூதாட்டி. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன், 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 5000 மீற்றர் வேகநடையிலும் 1500 மீற்றர் ஓட்டத்திலும் தங்கப் பதக்கங்களை வென்றார். 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 72. போர் பாழ்படுத்திய மாவட்டம் அது. 2009 இல் அம்மண்ணின் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்த நடையை அறிந்தோர்க்கு, அங்கிருந்து ஒருவர் வெற்றிக்காக நடந்தார் என்னும் செய்தியின் பொருள் எளிதில் விளங்கும்.

வேகநடை என்பது விரைந்து நடத்தல் மட்டுமன்று. ஒரு பாதமேனும் எப்போதும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். இரு பாதங்களும் நிலத்தை விட்டெழுவது நடுவரின் கண்ணுக்குப் புலப்படின் அது குற்றம். முன்வைத்த கால் நிலத்தைத் தொட்ட கணந்தொட்டு, உடல் அதன்மேல் நேராக நிமிரும்வரை, முழங்கால் மடங்குதலாகாது. இவ்விரு விதிகளுக்கும் அடங்கி வேகத்தைக் கூட்ட வேண்டுமாயின் இடுப்பு முன்னும் பின்னுமாகச் சுழன்றே ஆக வேண்டும். 5000 மீற்றர் என்பது 400 மீற்றர் ஓடுபாதையில் பன்னிரண்டரைச் சுற்று. ஓடிவிடத் துடிக்கும் கால்களை அத்தனை சுற்றும் அடக்கி ஆள்வதே இக்கலையின் அருமை.

இடர்ப்பாடும் அவ்விடுப்பசைவிலேயே தொடங்குகிறது. பெண்ணின் நடையை அன்னநடை என்று பாடிப் பழகியது தமிழ் மரபு. மென்மையும் தயக்கமுமே அந்நடைக்கு அழகெனக் கொள்ளப்பட்டன. அம்மரபில் வளர்ந்த கண்களுக்குக் கைவீசி, இடுப்பசைத்து, வியர்வை சிந்த விரையும் பெண் நகைப்புக்குரியவளாகத் தோன்றுகிறாள். வீதியில் எழும் அந்நகைப்புக்கு அஞ்சியே மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் உளர். பருவமடைந்தபின் விளையாட்டு வேண்டாம் என்பதும், உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்பதும், மணமான பின் கணவன் விரும்பினால் பார்க்கலாம் என்பதும் அத்தயக்கத்தின் வெவ்வேறு வடிவங்களேயாம்.

இத்தயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆடவர்க்கான நடைப்போட்டிகள் 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலேயே தனிப் போட்டிகளாக இடம்பெற்றன. பெண்களுக்கு அவ்வாய்ப்பு 1992 இல் பார்சிலோனாவிலேதான் கிட்டியது. சீனாவின் சென் யூலிங் அன்று 10 கிலோமீற்றர் நடையில் முதல் தங்கத்தை வென்றார். இடைப்பட்ட காலம் 84 ஆண்டுகள்! முள்ளியவளைப் பெண்மணி அப்போது நாற்பதைக் கடந்துவிட்டார். அவரது இளமைக் காலம் முழுவதிலும் உலகின் தலைசிறந்த பெண்ணுக்குங்கூட ஒலிம்பிக்கில் நடப்பதற்கு ஒரு பாதை இருக்கவில்லை.

பாதை திறந்தபின் பெண்கள் பின்னிற்கவில்லை. அயல்நாடான இந்தியாவின் குஷ்பீர் கவுர் 2014 ஆசிய விளையாட்டு விழாவில் 20 கிலோமீற்றர் நடையிலும், பிரியங்கா கோஸ்வாமி 2022 பொதுநலவாய விளையாட்டு விழாவில் 10,000 மீற்றர் நடையிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றனர்.

ஆகவே, எழுபத்திரண்டு வயதில் இத்தனை ஆற்றலா என்று வியப்பதோடு அமைதல் போதாது. அவ்வியப்பு ஒருவகையில் வசதியானது. முதுமையைப் புகழ்ந்துவிட்டு இளமைக்குச் செய்யத் தவறியதை மறந்துவிட அது இடந்தருகிறது. தாமதித்தவர் அம்மூதாட்டியல்லர். பாதையைத் திறக்கத் தாமதித்தது உலகம். திறந்த பாதையிலே தன் பெண்பிள்ளைகளை அனுப்ப இன்றுந் தாமதிப்பது தமிழ்ச் சமூகம்.

அவருக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் வளரும் பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு சோடிக் காலணியும், மாலையில் ஒரு மணிநேரமும், நகையாத கண்களும் அளிப்பது அதனிலும் அரிது. ஆயினும் அதுவே அவருக்குச் செய்யத்தக்க உண்மையான மரியாதையாகும்.